தேன் கலப்படம்: மூன்று கார்பன் சோதனைகளில் எதற்குப் பணம் கட்டலாம்?

சர்க்கரைப் பாகிலும் தேனிலும் பெரும்பாலும் இருப்பது ஒரே குளுக்கோஸ், ஒரே ஃப்ரக்டோஸ். மூலக்கூறை வைத்துப் பிரிக்க முடியாது. அதிலுள்ள கார்பனை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். இயற்கைக் கார்பனில் சுமார் 1.1 சதவீதம் கனமான கார்பன்-13. செடிகள் காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கும் முறையை வைத்து அவற்றை சி3, சி4 என்று பிரிப்பார்கள். கரும்பும் மக்காச்சோளமும் சி4 பயிர்கள், அவற்றில் அது சற்று அதிகம். தேனீக்கள் தேடிப் போகும் செடிகளில் பெரும்பாலானவை சி3, அவற்றில் குறைவு. மார்த்தாண்டம் பக்கத்துத் தேனுக்கு ஆதாரமான ரப்பர் மரமும் சி3 தான். ஒரு பொது நியமத்தைவிடக் கார்பன்-13 எவ்வளவு குறைவு என்று காட்டும் அளவுகோலில் நல்ல தேன் −25 வாக்கிலும் கரும்புச் சர்க்கரை −11 வாக்கிலும் வரும். அலகு, ஆயிரத்தில் ஒரு பங்கு.

முதலில் பல ஆய்வகங்களில் இருக்கும் ஜிசி-எம்எஸ், அதாவது பொருளை ஆவியாக்கிப் பிரித்து அதன் நிறையை அளக்கும் கருவி. பூச்சிக்கொல்லி எச்சம் பார்க்க அருமையான கருவி. ஆனால் சர்க்கரை அப்படியே ஆவியாகாது. சிலில் என்ற சிலிக்கான் தொகுதியை ஒட்டவைத்துத்தான் உள்ளே செலுத்த வேண்டும், அந்தத் தொகுதியோடு வெளிக் கார்பனும் சேர்ந்துவிடும். அதோடு, ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றத்தை அளக்கும் நுட்பம் அதிலுள்ள குவாட்ரபோல் என்ற சாதாரண நிறை அளவிக்குக் கிடையாது. இந்த வேலைக்கு அது வேண்டாம்.

அடுத்தது இஏ-ஐஆர்எம்எஸ், அதாவது மாதிரியை எரித்து அதன் கார்பன்-13 விகிதத்தை நுட்பமாக அளக்கும் கருவி. தேனைச் சிறு தகரக் குப்பியில் வைத்து முழுதாக எரித்து, வரும் கார்பன் டை ஆக்சைடில் 44, 45, 46 என்ற நிறைகளை ஒரே நேரத்தில் அளப்பார்கள். தேனை மட்டும் அளந்தால் போதாது, ஏனென்றால் தேனுக்குத் தேன் மதிப்பு மாறும். இங்கேதான் புரதம் கைகொடுக்கிறது. தேனில் சோடியம் டங்ஸ்டேட்டும் நீர்த்த கந்தக அமிலமும் விட்டு 80 டிகிரியில் சூடாக்கினால் புரதம் திரிந்து திப்பி திப்பியாகப் பிரியும். அதைச் சுழற்றி, பலமுறை நீரில் அலசி, தனியே எரிப்பார்கள். பாகு கலப்பவர் சர்க்கரையைச் சேர்க்கிறாரே தவிர புரதத்தைச் சேர்ப்பதில்லை, அதனால் அந்தத் தேனுக்கு அதன் புரதமே சாட்சி. புரதம் −25.0, தேன் −23.6 என்றால் வித்தியாசம் 1.4, அதைப் புரதத்துக்கும் −9.7க்கும் உள்ள இடைவெளியான 15.3ஆல் வகுத்தால் சி4 சர்க்கரை சுமார் 9 சதவீதம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ வைத்த வரம்பு 7 சதவீதம். மாதிரி தோற்றது.

கரும்புப் பாகைப் பிடிக்க இது போதும். ஆனால் அரிசிப் பாகும் பீட்ரூட் சர்க்கரையும் சி3. மொத்தமாக எரித்தால் இரண்டும் தேனைப் போலவே தெரியும், சோதனை தாராளமாகத் தேர்ச்சி கொடுத்துவிடும். ‘சி4 சோதனை பாஸ்’ என்ற ஒற்றை வரியைக் காட்டி விற்பவரிடம் எனக்கு நம்பிக்கை வராததற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது எல்சி-ஐஆர்எம்எஸ். அதே விகிதத்தைத்தான் அளக்கிறது, ஆனால் கார்பன் டை ஆக்சைடாக்கும் முன்பே சர்க்கரைகளைத் திரவத்தில் ஓடவிட்டுப் பிரிக்கிறது. குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், இரட்டைச் சர்க்கரைகள், அதைவிட நீண்டவை எல்லாம் வரைபடத்தில் தனித்தனிச் சிகரமாக வரும், ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பு கிடைக்கும். குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஒன்றுக்கொன்று 1.0க்கு மேல் விலகக் கூடாது. எந்த இரு சிகரமும் 2.1க்கு மேல் விலகக் கூடாது. தேனுக்குரியதல்லாத நீண்ட சர்க்கரைகள் 0.7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அரிசிப் பாகு பெரும்பாலும் மாட்டுவது இந்தக் கடைசி இடத்தில்தான். மாவுச்சத்தை உடைத்துச் செய்வதால் அரைகுறையாக உடைந்த துண்டுகள் அதில் தங்கிவிடும். அதையும் சுத்தமாக நீக்கிய பாகு தப்பிக்கலாம், அங்கே என்எம்ஆர் (காந்தப்புலத்தில் மூலக்கூறுகளை ஆராயும் சோதனை) தேவைப்படும்.

இயக்கும் சிரமமும் இதில்தான் அதிகம். மெத்தனால், அசிட்டோநைட்ரைல் எதுவும் ஓடவிட முடியாது, அவையே கார்பன். வெறும் நீர்தான் ஓட வேண்டும், அதிலும் கரைந்த காற்றை நீக்கியிருக்க வேண்டும். பிறகு பெர்சல்ஃபேட் என்ற ஆக்சிஜனேற்றும் உப்பால் சர்க்கரையை நீரிலேயே ஆக்சிஜனேற்றி, வரும் வாயுவைச் சவ்வு வழியாக ஹீலியத்துக்குக் கடத்த வேண்டும்.

ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், வெளியிலிருந்து மொத்தமாக வாங்கும் தேனுக்கு எல்சி-ஐஆர்எம்எஸ் என்பேன். சொந்தப் பெட்டியில் எடுத்த தேன் என்றால் புரதத்தோடு கூடிய இஏ போதும். பூ இல்லாத மாதங்களில் தேனீக்களுக்குக் கொடுத்த கரும்புச் சர்க்கரை அடையில் மிச்சமிருந்தால், கலப்படமே செய்யாதவரின் தேனும் இதில் தோற்கும். அறுவடைக்கு முன் தீனியை நிறுத்தி, அந்த அடைகளை ஒதுக்கிவிடுங்கள். எந்தச் சோதனையானாலும் ‘பாஸ்’ முத்திரையோடு நிற்காமல், இஏ என்றால் புரதத்தின் மதிப்பையும் தேனின் மதிப்பையும், எல்சி என்றால் ஒவ்வொரு சர்க்கரையின் மதிப்பையும் தனித்தனி எண்களாக எழுதித் தரச் சொல்லுங்கள்.