நேஷனல் கேலரியில் யதார்த்த ஓவியங்கள்: எங்கே நின்று, எதைப் பார்ப்பது

சிங்கப்பூரின் பழைய உச்ச நீதிமன்றத்தையும் நகர மண்டபத்தையும் இணைத்து 2015இல் திறந்த கலைக்கூடம். சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிகள் இலவசம்.

முதலில் ஓவியர் சுவா மியா டீயின் ‘தேசிய மொழி வகுப்பு’. 1959இல், சிங்கப்பூருக்குத் தன்னாட்சி கிடைத்த ஆண்டில், தீட்டிய தைல ஓவியம். 112க்கு 153 சென்டிமீட்டர். வட்ட மேசையைச் சுற்றிப் பல இனத்தவர் உட்கார்ந்து மலாய் படிக்கிறார்கள். கரும்பலகையில் இரண்டே கேள்விகள்: உன் பெயர் என்ன? எங்கே வசிக்கிறாய்?

மூன்று மீட்டர் தள்ளி நின்று முழுப் படத்தையும் பாருங்கள். தைல வண்ணத்தில் விளக்கு பட்டால் கருமையான பகுதிகள் வெளுத்துத் தெரியும். இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தால் சரியாகிவிடும். பிறகு, ஒரு கையை நீட்டிக் கரும்பலகையை மட்டும் பார்வையிலிருந்து மறையுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் சிலர்தான் மிஞ்சுவார்கள். கையை எடுத்ததும், புதிதாகப் பிறக்கும் ஒரு நாட்டு மக்களைப் பார்த்து ‘நீ யார்?’ என்று கேட்கும் படமாகிவிடும். முகங்கள் தத்ரூபமாக இருப்பது கைத்திறன். அந்தக் கேள்விகளைத் தேர்ந்தெடுத்த பார்வையில்தான் யதார்த்தவாதம் இருக்கிறது.

‘யதார்த்தம்’ என்ற இந்தச் சொல்லில்தான் நம்மவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். ‘எதார்த்தமாச் சொன்னேன்’ என்றால் நம் பேச்சில் உள்நோக்கம் இல்லாமல் சொன்னேன் என்று பொருள். தத்துவத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை: பார்ப்பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருள் உண்டு என்பது. உலகை உள்பொருள், அதாவது உண்மையிலேயே இருப்பது, என்று கொள்ளும் சைவ சித்தாந்தம் இந்தப் பக்கம் நிற்கிறது. ஓவியத்திலோ உள்நோக்கம் நிறையவே உண்டு. சுவா மியா டீ சேர்ந்திருந்த ஈக்குவேட்டர் ஓவியச் சங்கத்தார் (1956-1974) சாமானிய மக்களின் வாழ்க்கை படத்தில் வரவேண்டும் என்று தீர்மானித்தே வரைந்தார்கள்.

அச்சங்கத்து லிம் யூ குவான் 1966இல் செய்த மரச்செதுக்கு அச்சையும் தேடிப் பாருங்கள். சுமார் 16,000 பேர் வீடிழந்த 1961 புக்கிட் ஹோ சுவீ தீக்குப் பிந்தைய காட்சி. பலகையில் செதுக்கி எடுத்த இடம் வெள்ளையாகவும் விட்டுவைத்த இடம் கறுப்பாகவும் பதியும். சாம்பல் நிறம் வேண்டுமென்றால் நெருக்கமான கோடுகளால்தான் காட்ட முடியும். போட்டோ மாதிரி இல்லவே இல்லை, ஆனால் அசல் யதார்த்தவாதம். என் மதிப்பில் இதுதான் இரண்டிலும் வலுவானது.

படங்களை அவ்வப்போது மாற்றி வைப்பதால், இவை காட்சியில் உள்ளனவா என்று கிளம்பும் முன் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.