படகை ட்ரெய்லரில் கட்டுவது: கயிறா, கேம் பக்கிளா, ராட்செட்டா?

மெல்பர்னுக்குத் தெற்கே ஹேஸ்டிங்ஸ் படகுத்துறையில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை வரிசையில் நின்று பாருங்கள். முன்னால் நிற்கும் பத்து ட்ரெய்லரில் பத்து விதமான கட்டு இருக்கும். ஒருத்தர் கயிறு, ஒருத்தர் குறுக்கே ஒரே ஒரு ராட்செட் பெல்ட் (கைப்பிடியை ஆட்டி ஆட்டி ‘கிளிக் கிளிக்’ என்று இறுக்கும் வகை), இன்னொருத்தர் ட்ரெய்லர் முன்னால் படகை இழுத்து ஏற்றும் வின்ச் பிடித்திருக்கிறதே என்று வேறு எதுவுமே கட்டாமல் வந்திருப்பார். நானும் முதல் வருடம் முழுக்க ஒற்றை பெல்ட் ஆசாமிதான்.

வசதியைப் பேசுவதற்கு முன்னால் ஒரு கணக்கு. ஆஸ்திரேலியாவின் சரக்குக் கட்டு வழிகாட்டி சொல்வது இது: பிரேக் போடும்போது முன்னால் ஓடப் பார்க்கும் சுமையில் 80 சதவீதத்தை கட்டு தாங்க வேண்டும், பக்கவாட்டிலும் பின்னாலும் 50 சதவீதம், மேலே துள்ளுவதற்கு 20 சதவீதம். என்னுடையது சின்ன அலுமினியப் படகு, மோட்டார், பெட்ரோல், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்து 500 கிலோ என்று வையுங்கள். அப்படியானால் முன்னால் 400, பக்கத்துக்கும் பின்னுக்கும் 250, மேலே 100 கிலோ. இந்த நாலு திசையில் எதை எது பிடிக்கிறது என்று பார்த்தால் பாதி சண்டை தீர்ந்துவிடும்.

முதலில் கயிறு. ஊரில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டும் கிளீனர் ஒரு வளையம் போட்டு, அதற்குள் கயிற்றை விட்டு, காலை ஊன்றி இழுப்பார் பாருங்கள், அந்த முடிச்சு தெரிந்தவருக்குக் கயிறு மோசமில்லை, நன்றாகவே இறுகும். ஆனால் முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடலாம், நைலான் என்றால் நனைந்ததும் இன்னும் நீளும். காலையில் கல் மாதிரி இருந்த கட்டு திரும்பி வரும்போது தொளதொளவென்று கிடக்கும். படகுக்குள் சாமான் கட்ட வைத்துக்கொள்ளலாம், படகையே கட்ட வேண்டாம்.

கேம் பக்கிள் என்பது பெல்ட்டைக் கையால் இழுத்தால் பற்கள் கவ்விக்கொள்ளும் வகை. நம் கை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுதான் இறுக்கம். கார் கூரைமேல் ஏற்றும் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகுக்கு அதுதான் சரி, ஏனென்றால் ராட்செட்டால் இழுத்தால் பிளாஸ்டிக் உடம்பு நசுங்கும். 500 கிலோவுக்கு அது காணாது.

ராட்செட்டில் சிக்கலே வேறு, அது அளவுக்கு மீறி இறுக்கும். என் படகின் இடது ஓரத்தில் இன்றும் ஒரு நெளிவு இருக்கிறது. குறுக்கே போட்ட பெல்ட்டை ‘இன்னும் ஒரு கிளிக்’ என்று இழுத்து நானே செய்த சேதம். சரி, அவ்வளவு இறுக்கியதற்காவது பலன் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. குறுக்கு பெல்ட் படகைக் கீழே அழுத்தும், அந்த அழுத்தத்தில் வரும் உராய்வுதான் மற்ற திசைகளில் பிடிக்க வேண்டும். என் ட்ரெய்லரிலோ ரோலர்கள், உருளுவதற்கென்றே செய்தவை! ஒரு ரவுண்டானாவில் பின்பக்கம் ஒரு சாண் நகர்ந்துவிட்டது, கண்ணாடியில் மோட்டார் இடம் மாறித் தெரிந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பெல்ட் அறவும் இல்லை, கழலவும் இல்லை.

அதற்கப்புறம் வாங்கியது பின்பக்க ஜோடி. படகின் பின்பலகையில், கடற்கரைக்காரர்கள் அமரம் என்பார்களே அங்கே, இரண்டு மூலையிலும் போல்ட் போட்ட வளையங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குட்டை ராட்செட் பெல்ட், கீழே கொஞ்சம் பின்னோக்கிச் சாய்ந்து ட்ரெய்லர் சட்டத்துக்கு. இந்த ஒரு ஜோடி துள்ளலையும் பக்க ஆட்டத்தையும் அடக்குகிறது, பிரேக் போடும்போது அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, தாங்கும் கட்டைக்கும் துணை நிற்கிறது. தூக்குவதற்கென்று வைத்த கைப்பிடியில் மட்டும் மாட்டாதீர்கள், அந்த ரிவெட்டுகள் இதற்கானவை அல்ல. கொக்கியும் நாக்கு வைத்து மூடும் வகையாக இருக்கட்டும். பள்ளத்தில் ட்ரெய்லர் குதிக்கும்போது பெல்ட் ஒரு நொடி தளர்ந்தால் போதும், திறந்த கொக்கி கழன்று விழுந்துவிடும்.

இதிலேயே ட்ரெய்லரில் போல்ட் போட்டுவிடும் தானே சுருளும் வகையும் இருக்கிறது. இழுத்து, மாட்டி, நாலு தடவை அசைத்தால் முடிந்தது, பெல்ட்டைத் தேடும் வேலையே இல்லை. ஆனால் உப்புத் தண்ணீரில் ட்ரெய்லரோடு அதுவும் முங்குகிறது, உள்ளே இருக்கும் சுருள்வில் துருப்பிடித்தால் அப்புறம் சுருளாது. ஏரியிலேயே படகு விடுபவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நான் கடலுக்குப் போகிறவன், தனி ராட்செட்டை எடுத்துக் காருக்குள் போட்டுக்கொள்கிறேன், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுகிறேன். பெல்ட் பாலியஸ்டராக இருக்கட்டும், அதிகம் நீளாது. தாங்கும் எடை அச்சிட்ட சீட்டு தைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், சீட்டே இல்லாததை நான் எடுப்பதில்லை.

இனி வின்ச் நம்பிக்கைக்காரர்கள். வின்ச் படகை ஏற்றுவதற்கான கருவி. அதன் பல்லுக்குள் இருக்கும் ஒரு சின்னத் தடைநாக்குதான் மொத்தத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது, மேட்டில் ஏறும்போது அது நழுவினால் படகு பின்னால் வழுக்கிக்கொண்டு இறங்கும். அணியத்து வளையத்திலிருந்து வின்ச் கம்பத்துக்கு ஒரு குட்டைச் சங்கிலி தனியாகப் போடுங்கள். கையில் காசு குறைவு, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பின்பக்க ஜோடிக்கும் முன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஃபைபர் படகு வைத்திருப்பவர் குறுக்கு பெல்ட் போட்டே ஆக வேண்டும் என்றால் ஓரங்களில் பழைய கம்பளத் துண்டு வைக்கலாம், பெல்ட் தேய்த்துத் தேய்த்து மேல்பூச்சைத் தின்னாமல் இருக்கும். நீளமான பெல்ட்டில் ஒரு அரை முறுக்கு விடுங்கள், தட்டையாக விட்டால் காற்றில் பத்துக் கிலோமீட்டரும் ‘ம்ம்ம்’ என்று பாடிக்கொண்டே வரும். ராட்செட் உருளையில் இரண்டு மூன்று சுற்று விழுந்தால் போதும், அதற்கு மேல் போனால் சிக்கிக்கொண்டு துறையில் எல்லோரும் பார்க்கப் பல்லைக் கடித்து நிற்க வேண்டியதுதான். கிளம்பிய பதினைந்து நிமிடத்தில் ஒரு தடவை ஓரங்கட்டிப் பாருங்கள், முதல் தளர்வு அதற்குள் வந்திருக்கும். எனக்கு அது பெட்ரோல் பங்க் காபிக்கும் சரியான நேரம்.