புல்லட் ஹேண்டில்பாருக்குப் புது ஸ்விட்ச்: ரிலேவா, பட்டனா, கன்ட்ரோல் பெட்டியா?

ஸ்விட்ச் மாற்ற வருபவர்கள் பெரும்பாலும் எண்ணுவது ஹேண்டில்பாரில் தெரியும் வயர்களை. எண்ண வேண்டியது கட்டைவிரலுக்கு அடியில் ஓடும் ஆம்பியரை. 60/55 வாட் ஹெச்4 பல்பு ஒன்றே 5 ஆம்பியர் வரை இழுக்கிறது. பேட்டரி, ஃப்யூஸ், சாவி, ஸ்விட்ச், கப்ளர் என்று சுற்றி வரும் பாதையில் 1.2 வோல்ட் இழந்தால், 12.8 வோல்ட் கிடைக்க வேண்டிய பல்புக்கு 11.6தான் வந்து சேரும். ஹாலஜன் பல்பில் அதனால் வெளிச்சத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். புதுப் பல்பு, புதுப் பேட்டரி எல்லாம் போட்டும் விளக்கு மங்கலாக எரியும் பழைய வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் நோய். எனவே கீழே வரும் மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தாலும், அது இந்தச் சுமையைக் கைப்பிடியிலிருந்து இறக்குகிறதா என்று பார்த்தே மதிப்பிட வேண்டும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது கார்புரேட்டரும் செல்ஃப் ஸ்டார்ட்டும் உள்ள, 2009க்குப் பிறகு வந்த ராயல் என்ஃபீல்டு யுசிஇ (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் வகை) 350. முதலில் ஒரு சோதனை: எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் போட்டு ஹெட்லைட்டைப் பாருங்கள். எரிந்தால் அது பேட்டரியிலிருந்து வரும் டிசி. கீழே சொல்வதெல்லாம் பொருந்தும். எஞ்சின் ஓடும்போது மட்டும் எரிந்து, ரேஸுக்கு ஏற்ப வெளிச்சம் ஏறி இறங்கினால், யமஹா ஆர்எக்ஸ்100 போல மேக்னெட்டோவின் ஏசியில் நேராக எரிகிறது என்று பொருள். அந்த வண்டிகளில் காயிலின் எர்த்தைப் பிரித்து, ஏசியை டிசியாக்கும் ஃபுல்வேவ் ரெக்டிஃபையர் போட்டு, முழுக்க டிசிக்கு மாற்றிய பிறகுதான் மற்றவை.

ஏபிஎஸ் உள்ள வண்டியிலும், பிஎஸ்6 எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டியிலும் சென்சார் வயரிங்கைக் கம்பெனி கட்டிய நிலையிலேயே விட்டுவிடுங்கள். அங்கே வயரைக் குறைப்பதில் லாபம் எதுவும் இல்லை.

முதல் வழி: சாதாரண ஸ்விட்ச் செட், நான்கு ரிலே

தினமும் ஓட்டும் வண்டிக்கு எங்கள் தேர்வு இதுதான். 22 மி.மீ ஹேண்டில்பாருக்குப் பொருந்தும் நல்ல ஸ்விட்ச் செட் ஒன்றை எடுத்து, அதை வெறும் சிக்னல் தருவதற்கு மட்டும் பயன்படுத்துவது. ரிலே என்பது சின்ன கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இயக்கும் மின்சார ஸ்விட்ச்; அதன் காயில் ஒன்று சுமார் 0.15 ஆம்பியர்தான் எடுக்கும். ஆகவே கைப்பிடிக்குப் போகும் வயர் 0.5 சதுர மி.மீ இருந்தாலே தாராளம்; ஸ்விட்ச்சின் காண்டாக்ட் கருகுவதற்கும் வழியில்லை.

நான்கு ரிலேக்கள்: இக்னிஷன், ஹெட்லைட், டிம்-பிரைட், ஹாரன். ரிலேயில் குறித்திருக்கும் முனை எண்களின்படி, காயிலின் 86ஆம் முனைக்குச் சாவியிலிருந்து பாசிட்டிவ். 85ஆம் முனை கைப்பிடி ஸ்விட்ச் வழியாக எர்த்துக்கு. ஹெட்லைட் ரிலேக்கு மட்டும் 85ஐ நேராக எர்த்தில் கொடுத்துவிடலாம். 2017 ஏப்ரல் முதல் புது இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிய வேண்டும் என்பது விதி என்பதால் ஆன்-ஆஃப் ஸ்விட்ச்சே தேவையில்லை.

ஸ்விட்ச்சை எர்த்துப் பக்கம் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஹேண்டில்பாருக்குள் ஹாரன் அல்லது பிரைட் வயர் உரசி இன்சுலேஷன் போய் உலோகத்தைத் தொட்டால், ஹாரன் நிற்காமல் அடிக்கும், அல்லது பிரைட் எரியும். அவ்வளவுதான். பாசிட்டிவ் வயர் அப்படித் தொட்டால் ஃப்யூஸ் போகும். பழைய வயரிங்கில் அதே ஃப்யூஸில் இக்னிஷனும் இருந்தால் நெடுஞ்சாலை நடுவே வண்டி நின்றுவிடும்.

டிம்-பிரைட்டுக்கு ஐந்து முனை ரிலே போடுங்கள். 87ஏ முனையில் டிம், 87இல் பிரைட். காயிலுக்குக் கரன்ட் இல்லாதபோது 87ஏ இணைந்தே இருக்கும். கைப்பிடி வயர் அறுந்தாலும், காயில் எரிந்தாலும் டிம் லைட் போகாது. இரவில் வளைவு ஒன்றில் இருட்டாகிவிடும் ஆபத்தை ஒரே ரிலே தடுத்துவிடுகிறது. இந்த வழியை நாங்கள் விரும்புவதற்கு இதுவே பெரிய காரணம்.

எஞ்சினை நிறுத்தும் கில் ஸ்விட்ச்சில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். யுசிஇயில் இருக்கும் டிசிஐ என்ற இக்னிஷன் பெட்டிக்குச் சப்ளையைத் துண்டித்தால் எஞ்சின் நிற்கும். எனவே 'ரன்' நிலையில் ஸ்விட்ச் மூடியிருந்து இக்னிஷன் ரிலேயைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். இந்த ஒரு வயர் அறுந்தால் எஞ்சின் நின்றுவிடும் என்பதால், அதை ஸ்டியரிங் திரும்பும் இடத்தில் இழுபடாமல் தளர்வாக விடுங்கள்.

இண்டிகேட்டரை எர்த்துப் பக்கம் கொண்டுவர முடியாது. பல்பின் எர்த்து பிராக்கெட்டிலேயே இருக்கிறது. 10 வாட் பல்பு இரண்டு சேர்ந்து 2 ஆம்பியருக்குள்தான் என்பதால், விட்டு விட்டு எரியவைக்கும் ஃப்ளாஷரிலிருந்து ஸ்விட்ச் வழியாகவே போகட்டும். கணக்குப் போட்டால் இடது பக்கம் ஃப்ளாஷர், இடது, வலது, பிரைட், ஹாரன், எர்த்து என ஆறு வயர்; வலது பக்கம் கில், செல்ஃப், எர்த்து என மூன்று. ஆக ஒன்பது. பிரைட்டை ஒரு கணம் அடிக்கும் பாஸ் ஸ்விட்ச் பிரைட் வயரிலேயே இணையாகச் சேர்ந்துவிடும்.

செல்ஃபுக்கு வண்டியில் இருக்கும் ஸ்டார்ட்டர் ரிலேயே போதும். அதன் காயிலை மல்டிமீட்டரில் அளந்து, 12ஐ அந்த ஓமால் வகுத்துப் பாருங்கள். 4 ஓம் என்றால் 3 ஆம்பியர்; ஸ்விட்ச்சின் தாங்குதிறன் அதற்குக் கீழே இருந்தால் நடுவில் ஒரு சின்ன ரிலே வேண்டும். ஒவ்வொரு காயிலின் குறுக்கேயும் 1என்4007 டையோடு ஒன்று, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். இதை விட்டுவிட்டால் காயில் விடுபடும் ஒவ்வொரு முறையும் எழும் உயர் வோல்ட்டேஜ், ஸ்விட்ச் காண்டாக்டைத் தின்றுவிடும்.

ஃப்யூஸ்: மெயின் 20, ஹெட்லைட் 10, ஹாரனும் பிரேக் லைட்டும் 10, இக்னிஷன் 7.5, இண்டிகேட்டரும் டெயில் லைட்டும் 5. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் பெட்டிக்கு 2.5 சதுர மி.மீ வயர், ஹெட்லைட்டுக்கு 1.5, இண்டிகேட்டருக்கு 0.75. ரிலேக்களைப் பக்கவாட்டு டூல் பாக்ஸில், முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். தண்ணீர் புகுந்தாலும் வடிந்துவிடும்.

சந்தையில் கிடைக்கும் சிஎன்சி அலுமினிய செட்டுகளை வாங்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். பலவற்றில் வயர் மெல்லிசு, கலர் எந்த முறைக்கும் ஒத்துவராது. ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். வேறு வண்டியின் ஸ்விட்ச்சைப் போடுவதென்றால், ஸ்விட்ச் உறையின் உள்ளே சின்ன முனை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஹேண்டில்பாரில் துளை போட வேண்டும், அல்லது அதை அரத்தால் தேய்த்துவிட வேண்டும்.

இரண்டாம் வழி: ஸ்டெயின்லெஸ் பட்டன், ரிலே

சென்னை ரிச்சி தெருவில் 12 மி.மீ பட்டன்கள் மலிவாகக் கிடைக்கின்றன, பார்க்கவும் அழகு. ஆனால் இந்த வழியை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. அழுத்தி விட்டால் திரும்பிவிடும் பட்டன் என்றால், இண்டிகேட்டர் எரிய வளைவு முழுக்க அழுத்தியே வைத்திருக்க வேண்டும். அதே இடது கையால் கிளட்சும் பிடிக்க வேண்டும். அழுத்தினால் நிற்கும் பட்டன் என்றால், கிளவுஸ் போட்ட விரலுக்கு அது உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று தெரியாது. கில்லுக்கும் அதே கதை. டிம்-பிரைட்டுக்குத் தனியாக, ஒரு தட்டில் மாறி அப்படியே நிற்கும் லாச்சிங் ரிலே தேட வேண்டும். தண்ணீர் புகாது என்பதற்கு ஐபி67 என்று எழுதியிருப்பது பட்டனின் முகப்புக்குத்தான். பின்பக்கம் சால்டர் வைத்த இடத்தில் தண்ணீர் ஏறுவதை அது தடுக்காது. ஹாரன், செல்ஃப் இரண்டுக்கும் மட்டும் பட்டன் வைப்பதில் தவறில்லை.

மூன்றாம் வழி: கன்ட்ரோல் பெட்டி

ஜெர்மனியின் மோட்டோகேட்ஜெட் செய்யும் எம்-யூனிட் இந்த வகையில் பெயர் பெற்றது. ரிலே, ஃப்ளாஷர், ஃப்யூஸ் எல்லாம் ஒரே பெட்டிக்குள். பட்டன்கள் எர்த்தை மட்டும் தொடுகின்றன; ஒரு முறை தட்டினால் இண்டிகேட்டர் தொடங்குகிறது, மறுபடி தட்டினால் நிற்கிறது. அழுத்தித் திரும்பும் பட்டனுக்கு உயிர் வருவது இங்கேதான். எல்இடி இண்டிகேட்டருக்குத் தனி ரெசிஸ்டர் வேண்டாம். எந்த சர்க்யூட்டில் ஷார்ட் என்பதைப் பெட்டியில் உள்ள எல்இடியே காட்டும்; மின்னணு ஃப்யூஸ் என்பதால் மாற்றவும் தேவையில்லை. எம்-பட்டன் என்ற சின்ன துணைக் கருவியையும் ஹேண்டில்பாருக்குள் வைத்துவிட்டால் பட்டன்கள் அனைத்தின் சிக்னலும் ஒரே வயரில் பெட்டிக்குப் போகும். ஹேண்டில்பார் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதே முதல் ஆசை என்றால் இதற்கு நிகரில்லை.

விலைதான் தடை. இந்தப் பெட்டியின் பணத்தில் முதல் வழியைப் பல முறை செய்து முடிக்கலாம். அதைவிட முக்கியமானது: பெட்டி செயலிழந்தால் இக்னிஷன் முதல் டெயில் லைட் வரை எல்லாம் போகும், வழியில் எந்தக் கடையிலும் மாற்று கிடைக்காது. முதல் வழியில் போடும் பாஷ் வகை ரிலே சின்ன ஊர் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடையிலும் இருக்கும். நீண்ட பயணம் போகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கண்காட்சிக்கும் ஊருக்குள் ஓட்டவும் செய்யும் வண்டிக்குத் தயங்காமல் போடலாம்.

எந்த வழியிலும் கெடுவது இவை

முதல் இரண்டு வழிகளில் எல்இடி இண்டிகேட்டர் போட்டதும் நான்கும் சேர்ந்து அடித்தால், ஸ்பீடோமீட்டரில் உள்ள ஒற்றை இண்டிகேட்டர் பல்புதான் காரணம். அது இடது வலது வயர்களுக்கு நடுவே இருப்பதால் அதன் வழியாகக் கரன்ட் மறுபக்கம் கசிகிறது. இரண்டு டையோடுகளால் இரு பக்கமும் சேர்த்து, பல்பின் மறுமுனையை எர்த்தில் கொடுத்தால் சரியாகிவிடும். வேகமாக அடித்தால் எல்இடி ஃப்ளாஷர் வேண்டும்.

பவுடர் கோட்டிங் செய்த ஃபிரேமை எர்த்தாக நம்பாதீர்கள். கரன்ட் ஸ்டியரிங் பேரிங் கிரீஸ் வழியாகத் தேடிப்போகும். பேட்டரி நெகட்டிவிலிருந்து ஹெட்லைட் டூமுக்கும் எஞ்சினுக்கும் தனித்தனி 2.5 வயர் இழுங்கள்.

ஒற்றை சிலிண்டர் அதிர்வில் சால்டர் வைத்த வயர், சால்டர் முடியும் இடத்திலேயே முறியும். ராட்செட் கிரிம்ப் கருவியும், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க்கும் போதும். ஸ்டியரிங் பகுதியில் சால்டரே வேண்டாம். ஹேண்டில்பாருக்குள் வயர் விட 8 முதல் 10 மி.மீ வரை துளை போடலாம். ஆனால் கிளாம்ப் பிடிக்கும் இடத்துக்கு அருகில் கூடாது. விளிம்பைத் தேய்த்து ரப்பர் குரோமெட் கட்டாயம்.

டாங்க்கை மாட்டுவதற்கு முன், எஞ்சினை ஐடிலில் விட்டு, ஹெட்லைட்டும் இண்டிகேட்டரும் எரிய, ஹேண்டிலை இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை பல முறை திருப்புங்கள். விளக்கு ஒரு முறை சிமிட்டினாலும் எஞ்சின் தடுமாறினாலும் கட்டிய ஸ்லீவைப் பிரித்து அந்த வயரைத் தேடுங்கள். பிறகு பேட்டரி முனைகளிலும் பல்பு முனைகளிலும் வோல்ட்டேஜ் அளந்து பாருங்கள், வித்தியாசம் 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.