எஸ்சிட்டலோப்ராமுடன் இரண்டரை ஆண்டுகள்

மனச்சோர்வுக்காக எஸ்சிட்டலோப்ராம் மாத்திரையை இரண்டரை ஆண்டுகள் உட்கொண்டு, நான்கு மாதங்களுக்கு முன்பு மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்தியவன் நான். இம்மருந்தில் தொந்தரவு முந்திக்கொள்ளும், பலன் பிந்தித்தான் வரும் என்பதை அப்போதே அறிந்திருந்தால் முதல் மாதத்தில் அவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன்.

முதல் வாரம் 5 மில்லிகிராம், அதன் பின் 10. இரண்டாம் நாளே குமட்டலும் வாய் வறட்சியும் தொடங்கின. நன்றாகத் தூங்கி எழுந்த காலையிலும் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தேன். படபடப்போ முன்பைவிடக் கூடியது. இதை எதிர்பார்த்த மருத்துவர் முதல் இரண்டு வாரங்களுக்கு மட்டும் இரவில் சிறிதளவு குளோனசெபம் என்ற படபடப்பைத் தணிக்கும் மாத்திரையும் கொடுத்திருந்தார். அடிமையாக்கும் இயல்பு அந்தத் துணை மாத்திரைக்குத்தான் உண்டு, எஸ்சிட்டலோப்ராமுக்கு இல்லை என்று வீட்டாருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. தொடக்க வாரங்களில், குறிப்பாக 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, தற்கொலை எண்ணம் தலைதூக்கக்கூடும். அப்படியானால் அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் மருத்துவரை அழைக்க வேண்டும். இந்தியாவில் டெலிமானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது.

குமட்டல் பத்து நாள்களில் அடங்கியது. நான்காம் வாரத்தில் தூக்கம் சீரானது, பிறகு பசி வந்தது, மனம் கடைசியாகத்தான் அசைந்தது. மூன்று மாதங்களாகப் பிரிக்க அஞ்சி மேசையில் போட்டிருந்த காப்பீட்டுக் கடிதத்தை ஆறாம் வாரத்தில் ஒருநாள் சாதாரணமாகப் பிரித்துப் படித்தேன். படித்து முடித்த பிறகே அதை உணர்ந்தேன். கவலை இருந்தது, ஆனால் ஆளைக் கட்டிப்போடவில்லை. மகிழ்ச்சி என்று இதைச் சொல்ல முடியாது. நெருங்கிய உறவினர் ஒருவரின் இறப்பில் அழுகை வராமல் நின்றதும் இதே காலத்தில்தான்.

தாம்பத்திய ஈடுபாடு குறைந்ததைக் கூச்சத்தால் ஏழு மாதங்கள் மருத்துவரிடம் மறைத்தேன். சொன்னபோது, இது பலருக்கும் நேர்வதுதான், அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்க்கலாம் என்று அவர் இயல்பாகவே பதிலளித்தார். பேச வெட்கப்பட்ட மாதங்கள் வீண்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றுண்டு. நலமாகிவிட்டேன் என்று ஒன்பதாம் மாதத்தில் நானாகவே நிறுத்தினேன். மூன்றாம் நாள், தலையைத் திருப்பினாலே மின்சாரம் பாய்ந்ததுபோல் உள்ளே சுரீரென்றது. கிறுகிறுப்பு, விசித்திரக் கனவுகள், எடுத்ததற்கெல்லாம் எரிச்சல். நோய் திரும்பிவிட்டதென்று நடுங்கினேன். நோய் திரும்புவதானால் பெரும்பாலும் வாரக்கணக்கில் மெல்ல வரும், சில நாள்களில் இப்படித் தாக்குவது மருந்தைச் சட்டென விட்டதன் விளைவு என்று மருத்துவர் விளக்கினார். மாத்திரையை மீண்டும் தொடங்கியதும் இரண்டே நாள்களில் எல்லாம் ஓய்ந்தது.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. 10இலிருந்து 7.5, பிறகு 5, இறுதியில் 2.5 என்று ஐந்து மாதங்களில் இறங்கினோம். கடைசிப் படிக்காக 5 மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக்க, சமையலறைக் கத்தியால் நாலைந்தை நொறுக்கிய பிறகுதான் அதற்கென்றே ஒரு சிறு வெட்டுப்பெட்டி மருந்துக்கடையில் கிடைப்பது தெரிந்தது. இம்முறை இரண்டு நாள் லேசான கிறுகிறுப்பு மட்டுமே இருந்தது.