ஒன்பது வருஷம், ஏழு சுவிட்ச்: ஆர்சி விமானத்துக்கு எந்த சுவிட்ச் தாங்கும்?

ஆர்சி விமானம், அதாவது ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானம் கட்டுகிறவர்கள் எஞ்சினைப் பற்றி விசாரிப்பார்கள். இறக்கைத் தகடுகளை அசைக்கும் குட்டி மோட்டாரான சர்வோவுக்கு மெட்டல் கியரா, பிளாஸ்டிக்கா என்று அரைமணி நேரம் வாதாடுவார்கள். பேட்டரிக்கும், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் சுவிட்சைப் பற்றி மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. ரேடியோ செட்டோடு பெட்டியில் வந்த ஸ்லைடு சுவிட்சை அப்படியே மாட்டி நாலு வருஷம் ஓட்டினேன். அஞ்சாவது வருஷம் வட்டியும் முதலுமாக வசூலித்துக்கொண்டது.

46 சைஸ் கிளோ எஞ்சின் (மெத்தனாலில் ஓடும்) போட்ட, பால்ஸா மரத்தில் செய்த ட்ரெயினர், பழகுவதற்கான விமானம் அது. செங்கல்பட்டுப் பக்கம் வற்றிய ஏரி ஒன்றில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தோம். இறக்குவதற்காகத் திருப்பினேன். ஐலிரானையும் (பக்கவாட்டில் சாய்க்கும் தகடு) எலிவேட்டரையும் (மூக்கை ஏற்றி இறக்கும் தகடு) சேர்த்து இழுத்த அந்த நொடியில் விமானம் என் பேச்சைக் கேட்பதை நிறுத்தியது. சாய்ந்த சாய்விலேயே போய்க் கருவேல மரங்களுக்கு இந்தப் பக்கம் மூக்கு குத்தியது.

பக்கத்தில் நின்ற அண்ணன் முப்பது வருஷமாகப் பறக்கவிடுகிறவர். "சத்தம் குறையவே இல்லையே தம்பி, கவனிச்சியா? சிக்னல் போயிருந்தா ரிசீவரோட ஃபெயில்சேஃப் தானாவே எஞ்சின் த்ராட்டிலை இறக்கியிருக்கும். உள்ள கரண்டே நின்னுருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது. ரிசீவர் வேலை செய்கிறது, சர்வோக்களும் ஆடுகின்றன. மிச்சம் இருந்தது சுவிட்ச்தான். தகட்டின் காதுகளை நிமிர்த்தித் திறந்தேன். உள்ளே தேன் பதத்தில் பழுப்பு நிறப் பசை. எரிபொருளில் கலந்திருந்து எக்ஸாஸ்ட் வழியாக வந்த விளக்கெண்ணெய், தூசியோடு சேர்ந்து கெட்டித்துப் போயிருந்தது. அதைத் துடைத்தால், நகரும் செப்புத் தகட்டில் முலாம் தேய்ந்து கறுப்பாக ஒரு தடம். கடற்கரைக் காற்று அடிக்கிற ஊரில் வேறென்ன எதிர்பார்ப்பது? வெறும் மல்டிமீட்டரில் 'பீப்' சத்தம் நன்றாகவே வந்தது. ஏமாந்தது அங்கேதான். அந்தச் சத்தம் வருவதற்கு ஓரிரு மில்லி ஆம்பியர் போதும். பறக்கும்போது நாலைந்து சர்வோ ஒரே நேரத்தில் இழுத்தால் மூணு, நாலு ஆம்பியர் அந்தக் கறுப்புத் தடத்தின் வழியாகப் போயாக வேண்டும்.

அதிலிருந்து எந்த சுவிட்ச் வாங்கினாலும் ஒரு சோதனை செய்கிறேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 2 ஓம், 25 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். 6.6 வோல்ட் லைஃப் (LiFe, லித்தியம்-இரும்பு வகை) பேட்டரியோடு சுவிட்ச் வழியாக அதை இணைத்தால் ஏறக்குறைய 3.3 ஆம்பியர் ஓடும். சுவிட்சின் பேட்டரிப் பக்கம் ஒரு முனை, ரிசீவர் பக்கம் ஒரு முனை என்று பிளஸ் வயரில் மீட்டரை வைத்து மில்லிவோல்ட்டைப் பார்க்க வேண்டும். பத்து விநாடிக்குள் முடித்துவிடுங்கள், ரெசிஸ்டர் விரலைச் சுடும். என்னிடம் வந்த புது ஹெவி டியூட்டி சுவிட்சுகள் 70, 80 காட்டின. விழுந்த விமானத்தின் சுவிட்ச் 300க்கும் 700க்கும் நடுவில் குதித்தது, லேசாகத் தட்டினால் இன்னும் ஏறியது. அன்று நான் போட்டிருந்தது 4.8 வோல்ட் நிக்கல் பேக். சுமையில் அதுவே 4.4க்கு இறங்கும். அதில் 0.7 போனால் 3.7. கனெக்டர், வயர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு என்ன மிஞ்சும்? ஸ்பெக்ட்ரம் கம்பெனி ரிசீவர்களுக்குக் குறைந்தபட்சம் 3.5 வோல்ட் வேண்டும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பழைய 72 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ காலத்தில் வோல்ட்டேஜ் ஒரு கணம் சரிந்தால் விமானம் ஒரு துள்ளல் துள்ளிவிட்டுத் தேறிவிடும். இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவருக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அது அணைந்து மறுபடி எழுந்திருப்பதற்குள் தரை வந்துவிடும்.

அடுத்து வாங்கியது தடித்த வயரும் தங்க முலாம் பூசிய காண்டாக்டும் உள்ள ஸ்லைடு சுவிட்ச். மூணு வருஷம் குறை இல்லை. ஆனால் மாட்டும் விதத்தில் ஒரு தப்பு செய்தேன். பக்கப் பலகையில் துளையைச் சின்னதாக வெட்டிவிட்டதால், குமிழ் கடைசி வரை போகாமல் மரத்தில் முட்டி நின்றது. 'ஆன்' ஆகிவிட்டது, ஆனால் கிளிக் ஆகவில்லை. பறப்பதற்கு முன்னால் கண்ணில் பட்டது அதிர்ஷ்டம். துளையை இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் தாராளமாக வெட்டுங்கள். எக்ஸாஸ்ட் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வையுங்கள். ஸ்க்ரூவை வலு கொடுத்து முறுக்கினால் தகடு வளைந்து குமிழ் இறுகும், அதுவும் வேண்டாம்.

30 சிசி பெட்ரோல் விமானத்துக்கு மாறியபோது எலெக்ட்ரானிக் சுவிட்சுக்குப் போனேன். இதில் கரண்ட் முழுவதும் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் வழியாக ஓடும். வெளியே தெரியும் பொத்தான் வெறும் சைகைதான் கொடுக்கிறது. அதனால் அதிர்வில் பொத்தான் உடைந்தாலும் கரண்ட் நிற்கக் கூடாது. 'கூடாது' என்று சொல்லக் காரணம் உண்டு. முதலில் வாங்கிய மலிவு மாடலில் மேஜை மேல் வைத்துப் பொத்தானின் வயரைப் பிடுங்கினேன், சர்வோக்கள் செத்துவிட்டன. அதை விமானத்தில் ஏற்றவே இல்லை, மேஜை விளக்குக்குப் போட்டுவிட்டேன். இப்போது இருப்பது பவர்பாக்ஸ் கம்பெனியுடையது. வயரைப் பிடுங்கினாலும் ஆனிலேயே நிற்கிறது. நீங்கள் எந்தக் கம்பெனி வாங்கினாலும், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், அந்த வயரை ஒரு தடவை பிடுங்கிப் பாருங்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஆஃபில் இருக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக பேட்டரியைக் குடிக்கும். ஒரு ஐப்பசி மழையில் பறக்க முடியாமல் பிளக்கைக் கழற்றாமலே வைத்திருந்தேன். தை பிறந்து திறந்து பார்த்தால் பேட்டரி கோவிந்தா. எல்ஈடி வெளிச்சம் பதினோரு மணி வெயிலில் தெரியவே தெரியாது, கையைக் குடையாகப் பிடித்துக் குனிந்து பார்க்க வேண்டும். விலையும் சில ஆயிரம்.

நடுவில் ஒரு பின் சுவிட்சும் வைத்திருந்தேன். சிவப்பு நாடா கட்டிய பின்னைப் பிடுங்கினால் ஆன், செருகினால் ஆஃப். யோசனை அருமை, பின் தொலைந்தாலும் விமானம் பறக்கும். தொலைந்தது. அன்று விமானத்தை அணைக்க மேல்மூடியான கேனப்பியைக் கழற்றி பேட்டரியைப் பிடுங்கினேன். ஏரிக்கரையில் எல்லோருக்கும் நல்ல பொழுதுபோக்கு.

சின்ன ஃபோம் விமானத்துக்கு என் பதில், சுவிட்சே வேண்டாம் என்பதுதான். ஈஎஸ்சியில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) ஒட்டிக்கொண்டு வரும் குட்டி சுவிட்சை எடுத்துவிட்டு பேட்டரியை நேரடியாகச் செருகுகிறேன். சில ஈஎஸ்சியில் அந்த வயர்களைச் சேர்த்தால் ஆன், சிலவற்றில் பிரித்துவிட்டால் ஆன். ப்ரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டுச் சோதித்துப் பார்த்து வெட்டுங்கள்.

பெட்ரோல் விமானத்தில் இப்போது இரண்டு பேட்டரி, அந்த எலெக்ட்ரானிக் சுவிட்ச். திரும்பக் கட்டிய ட்ரெயினரில் ஸ்லைடு சுவிட்ச்தான், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுகிறேன். போன வாரம் ரெசிஸ்டரை வைத்துப் பார்த்தேன், 130 மில்லிவோல்ட். கெடு இன்னும் நாலு மாசம் இருக்கிறது, ஆனாலும் புதுசு வாங்கி மேஜையில் வைத்துவிட்டேன். என் சால்டரிங் அயர்ன் எதிர்வீட்டுத் தம்பியிடம் போய் ஒரு மாசமாகிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.