கார்டு நல்ல கார்டுதான், நெட் போனதற்குக் காரணம் வேறு

இந்த 2.5 கிகாபிட் பிசிஐஇ நெட்வொர்க் கார்டுக்கு ஒரே ஒரு ஸ்டார் கொடுத்தவர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: கார்டைச் செருகினோம், லினக்ஸ் பூட் ஆகும்போது ‘நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கிறது’ என்று அப்படியே நின்றது, கடைசியில் மதர்போர்டில் இருந்த பழைய போர்ட்டும் வேலை செய்யவில்லை. எனக்கும் இதேதான் நடந்தது. ஆனால் கார்டைத் திருப்பி அனுப்புவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள்.

பழைய போர்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, லினக்ஸ் அதற்கு வைத்திருந்த பெயர்தான் மாறிவிட்டது. முன்பெல்லாம் ஈத்0, ஈத்1 என்று இருக்கும். லினக்ஸைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி மென்பொருளின் 197ஆம் பதிப்பு 2013இல் வந்ததிலிருந்து, போர்ட் எந்த பிசிஐ பஸ்ஸில் (மதர்போர்டில் கார்டுகளை இணைக்கும் தடம்) இருக்கிறதோ அந்த எண்ணை வைத்துப் பெயர் வருகிறது. புதிய கார்டு உள்ளே வந்ததும் பஸ் எண்கள் தள்ளிப்போக, நேற்றுவரை என்பி2எஸ்0 ஆக இருந்தது இன்று என்பி3எஸ்0. நெட்வொர்க் அமைப்பை எழுதி வைத்திருக்கும் கான்ஃபிக் ஃபைலில் இருப்பதோ பழைய பெயர். அந்தப் பழைய பெயரே புதிய கார்டுக்குப் போய்விட்டால் இன்னும் குழப்பம், கேபிள் செருகாத போர்ட்டுக்கு ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுக்கப் பார்த்துவிட்டு லினக்ஸ் 120 நொடி உட்கார்ந்திருக்கும். போர்ட்டில் பச்சை விளக்கு எரிகிறதே என்று நம்பாதீர்கள், அது கேபிள் சேர்ந்திருப்பதற்கு மட்டும்தான் சாட்சி, ஐபி கிடைத்ததற்கு அல்ல.

‘ஐபி லிங்க்’ கமாண்டைப் போட்டால் இப்போதைய பெயரும் மேக் அட்ரஸும் (ஒவ்வொரு போர்ட்டுக்கும் உள்ள தனி எண்) அடுத்தடுத்த வரியில் தெரியும். நெட்வொர்க்கை அமைக்கும் நெட்பிளான் கருவி இருந்தால், பெயரை நம்பாமல் ‘மேட்ச்’ பகுதியில் மேக் அட்ரஸைக் கொடுத்து, ‘செட்-நேம்’ போட்டு நீங்களே ஒரு பெயர் வைத்துவிடுங்கள், அதன் பிறகு எத்தனை கார்டு செருகினாலும் அது மாறாது. கேபிள் இல்லாத போர்ட்டுக்கு ‘ஆப்ஷனல்: ட்ரூ’ என்று ஒரு வரி சேர்த்தால் பூட்டில் அதற்காகக் காத்திருக்காது. இன்னொன்று, லினக்ஸ் வருவதற்கு முன்பே கருப்புத் திரையில் பிஎக்ஸ்இ (நெட்வொர்க் வழியே பூட் செய்யும் முறை) என்று தேடிக்கொண்டு நின்றால் அது பயாஸ் (மதர்போர்டின் தொடக்க மென்பொருள்) விஷயம், பூட் வரிசையில் நெட்வொர்க்கைக் கீழே தள்ளினால் சரி.

இனி கார்டைப் பற்றி. மதர்போர்டில் எக்ஸ்1 எனப்படும் குட்டி பிசிஐஇ ஸ்லாட்டே போதும், குட்டி கேபினெட்டுக்கான பிராக்கெட்டும் பெட்டியிலேயே இருக்கிறது, ஏற்கெனவே இருந்த கேட்5இ கேபிளிலேயே முழு வேகம் வந்தது. கடுப்பேற்றியது மேக் ஸ்டிக்கர்தான். அதைக் கார்டின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறார்கள், மாட்டிய பிறகு எட்டிப் பார்த்தாலும் தெரியாது, அதனால் செருகும் முன்பே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையேட்டில் விண்டோஸ் படங்கள் மட்டும். அவர்கள் சப்போர்ட்டுக்கு எழுதினால் ‘ஓஎஸ்ஸை மறுபடி இன்ஸ்டால் செய்து பாருங்கள்’ என்று பதில் வருகிறது, பெயர் மாறும் விஷயத்தை ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்துப் போட்டிருந்தால் பாதிப் புகார் வந்திருக்காது. அதற்காகத்தான் ஐந்துக்கு நான்கு. உங்கள் ஸ்விட்ச் ஒரு கிகாபிட்தான் என்றால் இந்தக் கார்டு வேண்டாம், கூடுதல் வேகம் எதுவும் வராது.