சர்வீஸ் முடிந்து வந்த கைக்கடிகாரம்: வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்கு

தனிக் கலைஞர் ஒருவர் சின்னப் பட்டறையில் செய்யும் மெக்கானிக்கல் வாட்சுக்கு முன்பதிவில் பெயர் கொடுக்கலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். என்னிடம் இருப்பதும் அந்த வகைதான். தினமும் கையால் சாவி கொடுக்க வேண்டும், நொடி முள் தனி வட்டத்தில் ஓடும். அளவு, உறை, கண்ணாடி விவரமெல்லாம் அவருக்கே தெரியும் என்பதால் விட்டுவிடுகிறேன். சர்வீஸுக்குப் போன அந்த வாட்ச் ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறது. கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆனாலும் நல்லதை முதலில் சொல்லியாக வேண்டும். பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே இருக்கும் தகடுகளின் விளிம்பெல்லாம் சரிவாகச் சீவி மெருகேற்றியிருக்கும். இரண்டு சரிவுகள் உள்பக்கமாகக் கூர்மையாகச் சந்திக்கும் மூலைகள் இருக்கின்றனவே, அங்கேதான் கைவேலை தெரியும். சுழலும் இயந்திரக் கருவி அந்த மூலைக்குள் போனால் வளைவைத்தான் விட்டுவைக்கும்; அரமும் மரக்குச்சியும் வைத்துப் பொறுமையாகத் தேய்த்தால்தான் அந்தக் கூர்மை வரும். இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை. முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளந்து கொடுக்கும் பேலன்ஸ் சக்கரத்துக்கு இன்றைய வாட்சுகளில் பெரும்பாலும் மணிக்கு 28,800 அதிர்வுகள், அதாவது நொடிக்கு 8. இதில் 18,000தான், நொடிக்கு 5. பெரிய பேலன்ஸ் சக்கரம் நிதானமாக ஆடுவது கண்ணுக்கே தெரியும்.

நேரமும் அப்படித்தான் காட்டியது. துல்லியமாக ஓடும் வாட்சுகளுக்குச் சோதித்துக் கொடுக்கும் ஸ்விஸ் குரோனோமீட்டர் சான்றிதழே நாளுக்குச் சராசரியாக 4 நொடி பின்தங்கவும் 6 நொடி முந்தவும் இடம் கொடுக்கிறது. இது பல வருடங்கள் 2, 3 நொடிக்குள் நின்றது. பகலில் கொஞ்சம் முந்தினால் இரவில் சாவி கொடுக்கும் திருகு மேலே பார்க்கும்படி நிறுத்திவைப்பேன். வைக்கும் நிலைக்கேற்ப ஓட்டம் லேசாக மாறும் என்பதால் காலையில் அது சமமாகிவிடும்.

அப்புறம் நாளுக்கு அரை நிமிடம் பின்தங்க ஆரம்பித்தது. பழக்கமான வாட்ச் ரிப்பேர்காரர் வாட்சின் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் வைத்துப் பார்த்தார். முழுச் சாவியில் 270 டிகிரிக்கு மேல் ஆட வேண்டிய பேலன்ஸ் 200ஐக்கூடத் தொடவில்லை. எண்ணெய் காய்ந்திருக்கிறது, எந்த மெக்கானிக்கல் வாட்சுக்கும் சில வருடங்களுக்கு ஒருமுறை வருவதுதான். "பிரிச்சு மாட்ட எனக்குத் தெரியும் சார். ஒரு சின்ன ஸ்பிரிங் போச்சுன்னா நான் எங்க போய் வாங்குறது?" என்று மூடிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம். பாகங்களை ஒவ்வொரு வாட்சுக்கும் தனித்தனியாகத் தேய்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். செய்த பட்டறையைத் தவிர வேறெங்கும் கிடைக்காது. அதனால் அங்கேயே அனுப்பிவைத்தேன்.

அந்தப் பட்டறையில் இருப்பதோ விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். புது ஆர்டர்களைச் செய்யும் அதே கைகள்தான் பழையதையும் பார்க்க வேண்டும். சரி, தாமதமாகும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என் வாட்ச் மேசையில் கிடந்த அதே மாதங்களில் புது மாடல் ஒன்றை அறிவித்து முன்பதிவும் வாங்கினார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. எப்போது கிடைக்கும் என்று எழுதிக் கேட்டால் ஒவ்வொரு முறையும் அடுத்த மாதம் என்றே பதில் வந்தது. ஏற்கெனவே வாங்கியவர்தான் முதலில் நிற்க வேண்டியவர்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்றும் உண்டு: செய்த கலைஞரே இல்லாமல் போனால் வாட்சை யார் பார்ப்பது? தனியாக வாட்ச் செய்த பிரிட்டிஷ் கலைஞர் ஜார்ஜ் டேனியல்ஸ் கண்டுபிடித்த கோ-ஆக்சியல் எஸ்கேப்மென்ட்டை, அதாவது ஸ்பிரிங்கின் விசையை அளவாக விடுவித்து பேலன்ஸை ஆட்டும் ஒரு பொறிமுறையை, 1999இல் ஸ்விஸ் நிறுவனமான ஒமேகா தன் வாட்சுகளில் கொண்டுவந்தது. ஒரு பெரிய நிறுவனத்தின் உதிரிபாகமும் சர்வீஸ் மையமும் அந்தப் பொறிமுறைக்குக் கிடைத்துவிட்டன. 2011இல் அவர் மறைந்த பிறகும் அவர் வழியில் வேலை செய்ய பிரிட்டன் பக்கத்திலுள்ள ஐல் ஆஃப் மேன் தீவில் அவரிடம் தொழில் கற்ற ரோஜர் ஸ்மித் இருக்கிறார். எல்லாக் கலைஞர்களுக்கும் அப்படி ஒரு வாரிசு அமைந்துவிடுமா?

திரும்பி வந்த வாட்ச் அருமையாக ஓடுகிறது. சாவி கொடுக்கும்போது விரல் நுனியில் தெரியும் அந்தத் துல்லியமான கிளிக் வேறு எந்த வாட்சிலும் எனக்குக் கிடைத்ததில்லை. இதை விற்கவும் மாட்டேன். ஆனால் நண்பருக்கு இன்றைய என் பதில், வேண்டாம். பெயர் கொடுத்தே தீருவேன் என்றால் முன்பணம் கட்டுமுன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: சர்வீஸுக்கு அதிகபட்சம் எத்தனை மாதம், உதிரிபாகங்களைச் செய்து இருப்பு வைத்திருக்கிறார்களா, பட்டறை மூடினால் வரைபடங்கள் யார் கைக்குப் போகும். மூன்றாவதற்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.